வரம்புக்குட்பட்ட அரசும் வெளியாள் வேட்பாளரும்: ஓர் எளிய விளக்கம்

2012 ஜனவரி 3 அன்று, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியினர் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வாசலிலேயே எடுக்கப்பட்ட கணிப்பு ஒரு விந்தையைக் காட்டியது. போட்டியிட்டவர்களில் வயதில் மூத்தவர் 76 வயதான ரான் பால். முப்பது வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரையே ஆதரித்திருந்தார்கள். மொத்த வாக்குகளில் அவருக்கு மூன்றாம் இடந்தான். கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகவோ வேலை வாங்கித் தருவதாகவோ அவர் சொல்லவில்லை. அரசு இப்போது செய்துவரும் பல வேலைகளை இனிச் செய்யக்கூடாது என்பதே அவர் சொன்னது.

தருவேன் என்பவரை விட்டுவிட்டு, தரமாட்டேன் என்பவரின் பின்னால் இளைஞர்கள் போனது ஏன்? எதிர்ப்புக் குரல் எதுவானாலும் இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்பார்கள் சிலர்; எல்லாம் இணையத்தின் வேலை என்பார்கள் வேறு சிலர்; வரி கட்ட மனமில்லாதவர்களின் கூட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரும் உண்டு. இந்தப் பேச்சுகளில் ‘வரம்புக்குட்பட்ட அரசு’, ‘வெளியாள் வேட்பாளர்’ என்ற இரண்டு தொடர்களும் ஆளுக்கொரு பொருளில் புழங்குவதால், முதலில் அவற்றை நேராக்கிக்கொண்டு பிறகு மேலே போவது நல்லது.

சாவிக்கொத்தும் கதவுகளும்

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் செயலாளரிடம் மின்தூக்கி அறை, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, காவலர் அறை ஆகியவற்றின் சாவிகள் இருக்கின்றன. எந்தக் கதவைத் திறக்கலாம் என்பது சங்கத்தின் விதிமுறையில் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், உங்கள் வீட்டுக்குள் நுழைந்து விளக்கை அணைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பெரும்பான்மையினர் கைதூக்கி ஒப்புக்கொண்டாலும் உங்கள் வீட்டுச் சாவி அவர் கொத்தில் சேராது. வரம்புக்குட்பட்ட அரசு என்பது இதுதான்: ஆட்சியில் இருப்பவர் எதைச் செய்யலாம் என்பது அவருடைய விருப்பத்தாலும் அந்தந்த நேரத்துப் பெரும்பான்மையாலும் அல்லாமல், முன்பே எழுதிவைக்கப்பட்டு எளிதில் மாற்ற முடியாத சட்டத்தால் தீர்மானிக்கப்படும் ஏற்பாடு.

இதைச் ‘சிறிய அரசு’ என்பதோடு குழப்பிக்கொள்வதே மிகவும் பரவலான பிழை. சிறிய அரசு என்பது அளவைப் பற்றியது: எத்தனை ஊழியர், எவ்வளவு செலவு, எத்தனை துறை. வரம்பு என்பது அதிகாரத்தைப் பற்றியது. இருநூறு வீடுகளுக்குப் பராமரிப்புச் செய்யும் பெரிய சங்கம் விதிமுறையை மீறாமல் நடக்கலாம். ஐந்தே வீடுகள் உள்ள சின்னஞ்சிறு சங்கத்தின் செயலாளர் எல்லா வீட்டுச் சாவிகளையும் தன் இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாம். இரண்டாமவருடைய செலவு குறைவுதான், ஆனால் அங்கே நிம்மதியாகத் தூங்க முடியாது. அரசே வேண்டாம் என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலைப்பாடு; அதை இங்கே பேசத் தேவையில்லை.

அமெரிக்காவில் இந்தக் கருத்து நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்பின் முதல் உறுப்பு, எட்டாம் பிரிவு, காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. மத்திய அரசுக்குத் தரப்படாததும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாததுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசே தேவைப்படாது என்று 1788-இல் எழுதிய, அரசமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன், அரசு முதலில் மக்களைக் கட்டுப்படுத்தும் வலிமை பெற வேண்டும், அடுத்து அது தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார். பிற்காலத்தில் முதற்பாதியை ஒரு சாராரும் பிற்பாதியை மறுசாராரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது வேறு கதை.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: வரம்பு வேறு, அளவு வேறு. சாவிகளின் எண்ணிக்கையைக் கேட்பது அளவு; எந்தக் கதவுகளுக்கு என்று கேட்பது வரம்பு.

யார் வெளியாள்?

அரசியலுக்கே புதியவர் என்பது இந்தச் சொல்லின் பொருளன்று. ரான் பால் ஒரு மகப்பேறு மருத்துவர். ஆனால் 1970-களிலிருந்தே, இடையிடையே விட்டுவிட்டு, டெக்சஸ் மாநிலத்தின் சார்பில் காங்கிரஸில் அமர்ந்தவர். 1964-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான பேரி கோல்டுவாட்டர், அரிசோனாவின் செனட்டர். இருவரும் கட்டடத்துக்கு உள்ளே இருந்தவர்கள்தாம். ஆனால் யாரை நிறுத்துவது, யாருக்கு நன்கொடை சேர்ப்பது, எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று முடிவெடுக்கும் அறைக்குள் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. அந்த முடிவெடுக்கும் வட்டத்தைத் தலைமைப்பீடம் என்று அழைப்போம். தலைமைப்பீடத்தின் ஆசியும் பணமும் இல்லாமல், அதற்கு எதிராகவே நின்று வாக்குக் கேட்பவரே வெளியாள் வேட்பாளர்.

வெளியாள் எல்லோரும் வரம்புக்குட்பட்ட அரசைக் கேட்பவர் என்றும் கொள்ளக்கூடாது. 2016-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் முப்பது வயதுக்கு உட்பட்டோரைப் பெருமளவில் ஈர்த்த பெர்னி சாண்டர்ஸும் வெளியாள்தான், வயதானவர்தான். ஆனால் அவர் கேட்டது அரசின் பொறுப்புகள் பெருக வேண்டும் என்பதை. ஆகவே ‘வெளியாள்’ என்பது நிற்கும் இடத்தின் பெயர், கொள்கையின் பெயரன்று. அந்த இடத்தில் நிற்பவருக்கு எந்தக் கொள்கையையும் முழுமையாகப் பேசும் வசதி எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

வெல்ல முடியாதவருக்குள்ள வசதி

மாணவர் தலைவர் தேர்தலில் இருவர் நிற்கிறார்கள். இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சமமாக இருந்தால், இருவருமே யாரையும் பகைத்துக்கொள்ளாமல், முடிவெடுக்காமல் நடுவில் நிற்கும் மாணவர்களைத் தம் பக்கம் இழுக்கவே பாடுபடுவார்கள். நாள் செல்லச் செல்ல இருவர் பேச்சும் ஒன்றுபோல ஆகிவிடும். தோற்பது உறுதி என்று தெரிந்தும் நிற்கும் மூன்றாமவருக்கு அந்தக் கவலை இல்லை. விடுதிக் கணக்கு சரியில்லை என்று அவர் மட்டும் உரக்கச் சொல்லலாம்.

அமெரிக்கத் தேர்தல் முறை இந்த இயல்பை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்ற ஒருவரே வெல்கிறார்; மற்றவர் பெற்ற வாக்குகளால் எந்த இடமும் கிடைப்பதில்லை. அதிபர் தேர்தலில் மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் 270 பேரைப் பெற வேண்டும்; பெரும்பாலான மாநிலங்கள் தம் தேர்வாளர்கள் அனைவரையும் முதலிடம் பெற்றவருக்கே கொடுத்துவிடுகின்றன. 1992-இல் சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ, அரசின் பற்றாக்குறையைத் தொலைக்காட்சியில் வரைபடங்களைக் காட்டி விளக்கியே ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். கிடைத்த தேர்வாளர்களோ ஒருவர்கூட இல்லை. ரான் பால் 1988-இல் லிபர்ட்டேரியன் கட்சி என்னும் சிறு கட்சியின் சார்பில் நின்றபோது அரை விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு பெரிய கட்சிகளும் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் நடத்துகின்றன. ஐயோவா போன்ற இடங்களில் காக்கஸ் எனப்படும் உள்ளூர்க் கூட்டங்கள் அந்த வேலையைச் செய்தன. தலைமைப்பீடத்துக்குப் பிடிக்காதவரும் இதில் நின்று, தொலைக்காட்சி விவாத மேடையில் மற்றவர்களோடு சரிசமமாக இடம்பிடிக்கலாம். 1988-இல் வெளியே நின்று யாருக்கும் கேட்காமல் பேசிய அதே மனிதர், 2007-இல் குடியரசுக் கட்சியின் மேடையில் ஏறி, ஈராக் போரை ஆதரிக்கும் கட்சிக்காரர்கள் நடுவே அந்தப் போர் தவறு என்றார். அரங்கம் எதிர்த்தது, வீட்டில் திரைமுன் அமர்ந்திருந்த மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இளைஞர்களின் கணக்கு

அரசின் அதிகாரம் எல்லோரையும் ஒரே அளவில் தொடுவதில்லை என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்விக்கு விடை தேட முடியாது. 1964-இல் ஓர் அமெரிக்க இளைஞனைப் பொறுத்தவரை அரசதிகாரம் என்பது கட்டாய இராணுவச் சேவைக்கான அழைப்பாணை. வாக்களிக்கும் வயது அப்போது பெரும்பாலான மாநிலங்களில் 21. போருக்கு அழைக்கும் வயதோ 18. கோல்டுவாட்டர் அந்த ஆண்டின் பிரசாரத்தைத் தொடங்கியபோதே கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்துவேன் என்றார். ‘வரம்பு’ என்ற சொல் வகுப்பறைச் சொல்லாக இல்லாமல் சொந்த உடலைப் பற்றியதாக மாறும் இடம் இது. கட்டாயச் சேவை 1973-இல்தான் நின்றது. வாக்களிக்கும் வயது 1971-இல் 18 ஆனது.

2000-களில் வளர்ந்தவர்களுக்கு வேறு பட்டியல். 2001-இல் வந்த பேட்ரியட் சட்டம் கண்காணிப்பு அதிகாரங்களைப் பெருக்கியது. 2003-இல் ஈராக் போர். 2008-இல் நிதி நெருக்கடி வந்தபோது நொடிந்த வங்கிகளைக் காக்க 700 பில்லியன் டாலர் வரை ஒதுக்கும் சட்டம். கடனின் சுமை எதிர்காலத்தில் வரி கட்டப்போகிறவர் தலையில் இறங்கும் என்பதால், அன்று இருபது வயதில் இருந்தவருக்கு அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. மற்ற வேட்பாளர்கள் இவற்றில் ஒன்றை எதிர்த்து இன்னொன்றை ஆதரித்தார்கள். ரான் பால் மூன்றையும் ஒரே காரணத்துக்காக எதிர்த்தார். பேட்ரியட் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளில் அவர் ஒருவர். ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்த அக்கட்சிப் பிரதிநிதிகள் ஆறு பேரிலும் ஒருவர்.

என் கருத்தில், இளைஞர்களை ஈர்த்தது அவர் எடுத்த முடிவுகளைவிட அந்த முடிவுகளுக்கு நடுவே ஓடிய ஒரே சரடுதான். ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். 1999-இல் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராளி ரோசா பார்க்ஸுக்குக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கும் தீர்மானம் வந்தபோது பிரதிநிதிகள் அவையில் 424 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ரான் பால் ஒருவர்தான். பதக்கத்துக்கு வரிப்பணத்தை எடுக்க அரசமைப்பில் இடமில்லை, வேண்டுமானால் உறுப்பினர்கள் ஆளுக்கு 100 டாலர் சொந்தப் பையிலிருந்து போடுவோம் என்பது அவர் வாதம். தேர்தல் ஆதாயம் பார்ப்பவர் கனவிலும் செய்யாத காரியம் இது. பலருக்கு அது அற்பப் பிடிவாதமாகத் தெரிந்தது, தெரிந்ததில் தவறும் இல்லை. ஆனால் பெரியவர்களின் சொல்லும் செயலும் பொருந்துகின்றனவா என்று சோதித்துக்கொண்டிருக்கும் வயதில் உள்ளவருக்கு, பிடித்த ஒருவரைப் பாராட்டும்போதுகூட விதியைத் தளர்த்தாத மனிதர் அபூர்வமானவராகத் தோன்றினார்.

எல்லாவற்றுக்கும் மேல், எந்தக் கட்சியிலும் இன்னும் பழகிப்போகாதவர் இளைஞர். முப்பது ஆண்டுகளாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவர் மாறுவது கடினம். முதல்முறை வாக்களிப்பவருக்கு விட்டுவர எதுவும் இல்லை.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். 2008 பொதுத் தேர்தலில் 18 முதல் 29 வயதுள்ளோரில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தது பராக் ஒபாமாவுக்கு. ரான் பாலின் பின்னால் வந்தவர்கள் ஒரு தலைமுறையின் சிறுபான்மை. அக்கறையும் சத்தமும் மிகுந்த சிறுபான்மை.

சுருக்கம்: அதிகாரம் தம்மைத் தொட்ட இடத்திலிருந்து இளைஞர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள், தனித்தனிக் குறைகளை ஒரே கொள்கையால் கோத்துக் காட்டுபவர், அதைத் தானும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தால், செவிமடுக்கப்படுகிறார்.

ஆர்வம் அமைப்பாவது

கேட்டவர்கள் கேட்டதோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத ஒன்றும் இராது. 2007 நவம்பர் 5 அன்று ரான் பாலின் ஆதரவாளர்கள் ஒரே நாளில் நன்கொடை கொடுப்பது என்று இணையத்தில் தாமாகவே பேசிவைத்து நாற்பது இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பாஸ்டன் தேநீர்க் கலகத்தின் ஆண்டுநிறைவான டிசம்பர் 16-இல் ஏறத்தாழ அறுபது இலட்சம். ‘மணி பாம்’ என்று பெயர்பெற்ற இந்த உத்தியை ரான் பாலின் பிரசார அலுவலகம் திட்டமிடவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. மேலிருந்து ஆணை வராமலே மக்கள் ஒன்றுகூடிக் காரியம் செய்ய முடியும் என்ற கொள்கையை, பணம் திரட்டும்போதே அவர்கள் கையால் செய்துபார்த்துவிட்டார்கள்.

கற்றுக்கொண்ட அடுத்த பாடம் விதிப்புத்தகம். முதனிலைப் போட்டியின் முடிவில், கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போய் வேட்பாளரை முறைப்படி அறிவிப்பவர்கள் பேராளர்கள். ஐயோவாவில் காக்கஸ் இரவு வாக்குக்கும் பேராளர் தேர்வுக்கும் அப்போது கட்டாயத் தொடர்பு இல்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட இளைஞர்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பின்னும் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். 2012 மாநாட்டில் ஐயோவாவின் 28 பேராளர்களில் 22 பேர் மூன்றாவதாக வந்தவருக்கு வாக்களித்தது அப்படித்தான். எரிச்சலடைந்த தலைமைப்பீடம் பேராளர் விதிகளை மாற்றியது.

கோல்டுவாட்டர் காலத்திலும் இதே வரிசையைக் காணலாம். 1960 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரில் கூடிய இளைஞர்கள், சுதந்திரத்துக்கான இளம் அமெரிக்கர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உள்நாட்டு ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் ஆகியவற்றைக் கடந்து அரசு கால்வைத்தால் அதிகாரம் குவியத் தொடங்கும் என்பது அவர்களுடைய அறிக்கையின் சாரம். 1964-இல் கோல்டுவாட்டர் ஆறே மாநிலங்களை வென்று படுதோல்வி அடைந்தார். ஆனால் வீடுவீடாகச் சென்று பழகிய தொண்டர்களும் முகவரிப் பட்டியல்களும் அப்படியே இருந்தன; அவருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய ரொனால்டு ரேகன் 1980-இல் அதிபர் தேர்தலில் வென்றார். ரான் பாலின் மாணவர் ஆதரவுக் குழுக்களும் 2008-இல் சுதந்திரத்துக்கான இளம் அமெரிக்கர்களை நினைவூட்டும் பெயரோடு, யங் அமெரிக்கன்ஸ் ஃபார் லிபர்ட்டி என்ற அமைப்பாயின.

அந்த ஆறு மாநிலங்கள் எவை என்று பார்ப்பதும் அவசியம். அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் இன ஒதுக்கல் வேரூன்றிய தென்கோடி மாநிலங்கள். இன ஒதுக்கலைத் தடைசெய்த 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை அரசமைப்பு வரம்பைக் காட்டிக் கோல்டுவாட்டர் எதிர்த்தார். மத்திய அரசுக்கு வரம்பு கேட்பதாகச் சொன்ன பலருக்கு, கறுப்பின மக்கள்மீது மாநில அரசு செலுத்திய அதிகாரத்துக்கு வரம்பு கேட்கும் எண்ணமே இருக்கவில்லை. செயலாளரின் சாவிகளைப் பறித்து மாடிப்பொறுப்பாளரிடம் கொடுப்பதால் உங்கள் கதவு பாதுகாப்பாகிவிடாது.

குறைப்பதும் கட்டுப்படுத்துவதும்

தொடக்கத்தில் பிரித்துவைத்த இரண்டு கருத்துகளும் ஆட்சிக்கு வந்த பிறகுதான் உண்மையில் மோதிக்கொள்கின்றன. ரேகனின் எட்டு ஆண்டுகளில் வருமான வரி விகிதங்கள் குறைந்தன. மத்திய அரசின் கடனோ ஏறத்தாழ மூன்று மடங்கானது. பேச்சில் சுருங்கிய அரசு கணக்கில் வளர்ந்தது.

அர்ஜென்டினாவில் அண்மையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே 16 வயதிலேயே வாக்களிக்கலாம். அரசு தன் பற்றாக்குறையை ஈடுகட்டப் பணத்தை அச்சிட, விலைவாசி 2023-இல் ஓராண்டுக்குள் மும்மடங்குக்கும் மேல் உயர்ந்தது. சம்பளம் வாங்கிய நாளன்றே அதைச் செலவழிக்கப் பழகிய தலைமுறைக்கு அரசதிகாரம் என்பது கையில் கரையும் பணமாகவே தெரிந்தது. கையில் சங்கிலி ரம்பத்தோடு பிரசாரம் செய்த பொருளியலாளர் ஹவியேர் மிலே, இளைஞர் ஆதரவு மிகுதியாகப் பெற்று, 2023 நவம்பரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டோடு வென்றார். 18 அமைச்சகங்கள் 9 ஆயின. ஆனால் பதவியேற்ற சில நாள்களிலேயே, முன்னூறுக்கும் மேற்பட்ட பிரிவுகள் கொண்ட அவசர ஆணை ஒன்றால், நாடாளுமன்ற விவாதத்துக்குக் காத்திராமல் பல சட்டங்களை நீக்கினார். அரசு சிறியதானது, அதிபர் ஒருவரின் கையெழுத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதோ பெரிதாகவே வெளிப்பட்டது. மிலேயின் ஆதரவாளர்கள், வழக்கமான வழியில் போனால் எதுவும் நடக்காது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது அளவைப் பற்றிய விடை. வரம்பைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆளா, கருத்தா?

ஆளும் வட்டத்தின் மீதுள்ள ஐயமும், அதிகாரம் யார் கையில் இருந்தாலும் வரம்பு வேண்டும் என்ற கொள்கையும் வெளியில் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதை எந்த வெளியாளும் எளிதில் ஊட்டிவிடலாம். இரண்டாவது, தமக்குப் பிடித்தவர் ஆட்சியில் இருக்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது. ரான் பாலின் வழியில் 2012-இல் காங்கிரஸுக்குத் தேர்வான கென்டக்கியின் தாமஸ் மேசி இதை ஓரளவு வருத்தத்தோடு கண்டுகொண்டார். ரான் பாலுக்கும் தனக்கும் விழுந்த வாக்குகள் கொள்கைக்காக விழுந்தவை என்று நினைத்திருந்ததாகவும், அதே மக்கள் 2016-இல் டொனால்டு டிரம்ப்பிடம் போனதைப் பார்த்தபோது, போட்டியில் இருப்பவர்களில் யார் அதிகக் கிறுக்கரோ அவருக்கே அவர்கள் வாக்களித்து வந்திருப்பது புரிந்தது என்றும் 2017-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

எல்லோரும் போய்விடவில்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் முடிவுகளை முழுமையாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை, 2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாலர் தாளைக் கொளுத்திய மாணவர்களின் முழக்கத்தோடு சேர்த்து வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது. 2012 ஜூலையில் அதே கோரிக்கை 327-க்கு 98 என்ற கணக்கில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும். ரான் பால் 2013 தொடக்கத்தில் காங்கிரஸிலிருந்து விலகினார். அவருடைய மாணவர் குழுக்களிலிருந்து வளர்ந்த அமைப்பு, அடுத்த அதிபர் வேட்பாளரைத் தேடுவதைவிட மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களில் தொண்டர்களை இறக்குவதில் அதிகம் முனைந்தது. சில நூறு வாக்குகளில் முடிவாகும் அந்தத் தொகுதிகளில் தொலைக்காட்சி மேடை கிடையாது. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பேச வேண்டும்.